மானியம் கேட்பதற்கு முன் ஆறு நாற்காலி போடுங்கள்

எங்கள் பேட்டைச் சங்கத்துக்காக இதுவரை 11 மானிய விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன். 6 கிடைத்தன, 5 கிடைக்கவில்லை. கப்பல் பட்டறை ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றதும், “அக்கா, நீங்கதான் கணக்குத் தெரிஞ்சவங்க” என்று சொல்லிச் சங்கத்தில் என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். அப்படித்தான் இந்த வேலை என் கைக்கு வந்தது. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் சின்னச் சங்கம். எழுபது உறுப்பினர்கூட இல்லை. அலுவலகம் கிடையாது, கோப்புகள் எல்லாம் என் வீட்டு அலமாரியில். இதே அளவில் உள்ள அமைப்புகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சம்பளத்துக்கு ஆள் வைத்து விண்ணப்பம் எழுதும் பெரிய அறநிறுவனங்களுக்கு இது தேவைப்படாது.

என் முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. “மூத்தோரின் மின்னிலக்க ஆற்றலை மேம்படுத்திச் சமூகப் பிணைப்பை வலுப்படுத்துதல்” என்று தலைப்புக் கொடுத்து நான்கு பக்கம் எழுதியிருந்தேன். இரண்டு வரியில் பதில் வந்தது. மனம் கேட்காமல் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். எடுத்துப் பேசிய அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: “யாருக்குச் செய்றீங்க, எத்தனை பேர், எந்தக் கிழமை, எங்கே உட்கார வைப்பீங்க, இது எதுவும் உங்க தாள்ல இல்லையே மேடம்.” உண்மைதான். எங்கள் புளோக்கில் யாருக்குக் கைப்பேசி பிடிக்கத் தெரியாது என்று நான் அதுவரை ஒருவரையும் கேட்டிருக்கவில்லை.

அதனால் முதலில் செய்ய வேண்டியது விண்ணப்பப் படிவத்தைத் திறப்பது அல்ல. சின்ன அளவில் ஒரு முறை செய்து பாருங்கள். நாங்கள் குடியிருப்பாளர் கட்டமைப்பின் (வட்டாரக் குடியிருப்பாளர் குழுவின்) அறையைக் கேட்டு வாங்கி, ஒரு சனிக்கிழமை காலை ஆறு நாற்காலி போட்டோம். ஐந்து பாட்டிகளும் ஒரு தாத்தாவும் வந்தார்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) கைப்பேசி வழியாக அப்பாயின்மென்ட் எடுப்பது எப்படி என்று காட்டுவதுதான் திட்டம். நான் வீட்டில் தட்டச்சு செய்து, 18 புள்ளி எழுத்தில் அச்சடித்த எட்டுப் பக்கக் கையேட்டை ஆளுக்கு ஒன்று கொடுத்தேன்.

முதல் பக்கத்திலேயே நின்றுபோனது. பூப்போட்ட சட்டைமேல் வெள்ளைத் துண்டு போட்டிருந்த பாட்டி ஒருவர் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, “இது என்னம்மா, கடவுளோட சொல்லா?” என்று கேட்டார். ‘கடவுச்சொல்’ என்று நான் அச்சடித்திருந்தேன். பாஸ்வேர்ட் என்று சொன்னதும், “அட, அதுவா!” என்று சொல்லிப் பையிலிருந்து மருந்தக அட்டையை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினார். மகன் எழுதிக் கொடுத்த நான்கு பாஸ்வேர்டும் வரிசையாக அங்கே இருந்தன. அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ் அதில் இரண்டாவது. அந்த அட்டையைத்தான் அவர் ஒவ்வொரு முறையும் மருந்தகத்தில் பதிவுக்கு நீட்டுகிறார்.

அந்த ஒரு காலையில் எனக்குத் தெரிந்தவை: ஆறு பேரில் நால்வருக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும், ஆனால் ஏட்டுத் தமிழ்க் கலைச்சொல் பழக்கமில்லை. ஐந்து பேர் அப்பாயின்மென்ட் எடுக்க மகனையோ மகளையோ நம்பியிருக்கிறார்கள். மூன்று பேர் மோசடிக்குப் பயந்து எந்த அறிவிப்பு வந்தாலும் தொடுவதே இல்லை. இந்த ஆறு பேர் போக, இன்னொரு பாட்டியால் இரண்டாவது மாடியிலிருந்து இறங்கி வர முடியாததால், நாற்காலி எடுத்துக்கொண்டு நாங்கள்தான் அவர் வாசலுக்குப் போனோம். இதை அப்படியே எண்ணிக்கையோடு எழுதியதுதான் எங்கள் இரண்டாவது விண்ணப்பத்தின் முதல் பத்தி. அது கிடைத்தது.

பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கொடுப்பவர் யார், அவர் கையில் உள்ள பணம் யாருடையது என்பது தெரிந்தால் எப்படி எழுதுவது என்பது பாதி தெரிந்த மாதிரி.

சமூக அறக்கட்டளை என்பது ஒரு தனி வகை. ஒரே பணக்காரரின் பெயரில் இல்லாமல், பலர் தனித்தனியாக வைக்கும் நிதிகளை ஒரே கூரையின் கீழ் நிர்வகிப்பது அதன் வேலை. 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஒரு வங்கியாளர் தொடங்கிய முறை இது. இங்கே ‘கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் ஆஃப் சிங்கப்பூர்’ 2008இல் வந்தது. கொடையாளர் ஒருவர் 200,000 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) தம் பெயரிலோ குடும்பத்தின் பெயரிலோ நிதி தொடங்கலாம். மூத்தோருக்கா, பிள்ளைகளின் படிப்புக்கா, மனநலத்துக்கா என்று அவர் விருப்பத்தைச் சொல்வார். அந்த விருப்பத்துக்குப் பொருந்தும் அறநிறுவனங்களைத் தேடிச் சரிபார்த்து அவர் முன் வைப்பது அறக்கட்டளை ஊழியர்களின் வேலை.

இதில் நமக்கு உள்ள பாடம் முக்கியமானது. உங்கள் தாளைப் படிக்கும் ஊழியர், அதைக் கொடையாளரிடம் தம் வாயால் எடுத்துச் சொல்ல வேண்டும். அவருக்குச் சொல்ல எளிதாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மருந்தக அட்டையின் பின்பக்கம் பாஸ்வேர்ட் எழுதி வைத்திருக்கும் பாட்டியைப் பற்றி ஒரு வரி இருந்தால் அது ஊழியரின் நினைவில் நிற்கும். அவர் வழியாகக் கொடையாளரிடமும் போய்ச் சேரும். ‘ஆற்றலை மேம்படுத்துதல்’ நிற்காது.

எங்களைப் போன்ற, அறநிறுவனமாகப் பதிவாகாத சங்கம் நேரே அங்கே போவது கடினம். ஐபிசி (நன்கொடைக்கு வரிக்கழிவு பெற்றுத் தரும் பொதுநல அமைப்பு) தகுதி உள்ள அறநிறுவனத்துக்குத் தகுதியான நன்கொடை கொடுப்பவருக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு கிடைக்கிறது. அதனால் பல கொடையாளர்களும் நிதிகளும் அந்தத் தகுதி உள்ள அமைப்பைத்தான் எதிர்பார்க்கிறார்கள். உங்களுக்கு அது இல்லையென்றால் உள்ள ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். பக்கத்து மூத்தோர் நிலையத்தை நடத்தும் அறநிறுவனம் விண்ணப்பதாரராக இருக்கட்டும், தமிழ் வகுப்பை நாம் நடத்துவோம். யார் பணம் வாங்குவது, யார் ரசீது வைப்பது, யார் அறிக்கை எழுதுவது என்று ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நட்பாகப் பேசி முடித்துக்கொண்டால் ஆறாவது மாதம் முகம் திருப்பிக்கொள்ள வேண்டி வரும்.

சின்னத் திட்டத்துக்கு அரசாங்க வழியும் நன்றாகவே இருக்கிறது. ‘அவர் சிங்கப்பூர் ஃபண்ட்’ 2016இல் தொடங்கியது. தகுதியுள்ள செலவில் 80 விழுக்காடு வரை, ஒரு திட்டத்துக்கு 20,000 வெள்ளிக்கு மேல் போகாமல் கொடுத்து வந்தது. உங்கள் குழுவில் இளையர்கள் இருந்தால் தேசிய இளையர் மன்றத்தின் ‘யங் சேஞ்ச்மேக்கர்ஸ்’ மானியத்தைப் பாருங்கள். 15 முதல் 35 வயது வரை உள்ள சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 5,000 வெள்ளி வரை கேட்கலாம். தமிழ்மொழி சார்ந்த நிகழ்ச்சி என்றால், தமிழ்ப் புழக்கத்தை ஊக்குவிக்கும் வளர்தமிழ் இயக்கம். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் இடம்பெற வேண்டுமென்றால் அதற்கு வெகு முன்னதாகவே பேசத் தொடங்குங்கள். கலைக்குத் தேசியக் கலைகள் மன்றம், மரபுக்குத் தேசிய மரபுடைமைக் கழகம். அரசாங்க மானியங்கள் பலவற்றுக்கு ‘அவர்எஸ்ஜி கிராண்ட்ஸ்’ தளத்தில் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கலாம். அமைப்பின் பெயரில் உள்ளே போக, அமைப்புகளுக்கான நுழைவுக் கணக்கான கார்ப்பாஸ் வேண்டும். கார்ப்பாஸ் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். எங்கள் சங்கத்தில் அது மலேசியாவுக்குக் குடிபோன பழைய செயலாளர் பெயரில் இருந்தது. மாற்ற மூன்று வாரம் ஆனது, அதற்குள் கடைசித் தேதி போய்விட்டது.

டோட் போர்டு பற்றி ஒரு வார்த்தை. நாலு நம்பர், டோட்டோ ஆகிய லாட்டரிகளை நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸ் அந்த அரசாங்க வாரியத்தின் கீழ் இருக்கிறது. அந்த உபரிதான் சமூகத்துக்கு மானியமாக வருகிறது. எங்கள் செயற்குழுவில் இருவருக்கு அந்தப் பணத்தைத் தொட மனமில்லை. நான் அவர்கள் பேச்சை மதிக்கிறேன். உங்கள் குழுவிலும் அப்படி யாராவது இருக்கலாம். விண்ணப்பிக்கும் முன்பே பேசி, முடிவைக் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள். மானியம் கிடைத்தபின் பேசினால் குழு உடையும்.

“ஏற்கெனவே இது இருக்கிறதே?”

எந்தத் திட்டத்துக்கும் வரும் கேள்வி இது. எங்களுக்கும் வந்தது. மூத்தோருக்குக் கைப்பேசி கற்றுக்கொடுக்க 2020 முதலே ‘சீனியர்ஸ் கோ டிஜிட்டல்’ இயக்கம் இருக்கிறது. சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் ‘தூதர்கள்’ என்று அழைக்கப்படும் உதவியாளர்கள் உட்கார்ந்து உதவுகிறார்கள். நல்ல வேலை. அதை நாம் மறைக்கவும் கூடாது, குறை சொல்லவும் கூடாது. “எங்கள் ஆறு பேரில் இருவர் அங்கே போயிருக்கிறார்கள், அன்றைக்குத் தமிழ் பேசுபவர் இல்லாததால் திரும்பிவிட்டார்கள். நாங்கள் அவர்கள் வழக்கில் உள்ள சொல்லால் ஒரு கையேடு செய்து எட்டு வாரம் பக்கத்தில் உட்காருவோம். பிறகு அவர்களை அந்தத் தூதர்களிடமே கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்வோம்” என்று எழுதினோம். இருப்பதோடு எங்கே கோத்துக்கொள்கிறோம் என்று காட்டினால் போதும்.

வரவு செலவுத் தாள்

என் அனுபவத்தில் விண்ணப்பத்தை உண்மையாகவே தூக்கி நிறுத்துவது இதுதான். மற்ற பக்கங்களைவிட இதற்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். எங்கள் தாளை அப்படியே சொல்கிறேன்.

20 மூத்தோர், 10 தொண்டூழியர், 8 சனிக்கிழமை, ஒவ்வொன்றும் 2 மணி நேரம். அறை வாடகை மணிக்கு 15 வெள்ளி, ஆக 240. தேநீரும் பலகாரமும் ஆளுக்கு 3 வெள்ளி, 30 பேர், 8 முறை, 720. கையேடு ஒன்றுக்கு 6 வெள்ளி, 60 பிரதி, 360. நடக்க முடியாத நால்வருக்கு டாக்சி, போக 10 வெள்ளி, வர 10 வெள்ளி, 8 முறை, 640. வகுப்பை நடத்துபவருக்கு முறைக்கு 80 வெள்ளி மதிப்பூதியம், 640. காப்புறுதி 250. திரையைத் தொடும் பேனா 20, ஒன்று 4 வெள்ளி, 80. மொத்தம் 2,930 வெள்ளி. அதில் 80 விழுக்காடு 2,344 கேட்டோம். மீதி 586 சங்கத்தின் கையிருப்பிலிருந்து.

ஒவ்வொரு வரியும் பெருக்கலாக இருப்பதைக் கவனியுங்கள். ‘உணவு – 1,000’ என்று முழு எண் போட்டால் படிப்பவருக்கு அது ஊகம் என்று தெரிந்துவிடும். டாக்சி வரியைப் பார்த்து மதிப்பீட்டாளர் ஒருவர் கேள்வி கேட்டார். இரண்டாவது மாடிப் பாட்டியின் கதையைச் சொன்னோம். அவர் அந்த வரியைத் தொடவில்லை.

தொண்டூழியர்களின் 160 மணி நேரத்தைச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் கீழே குறிப்பாகக் கட்டாயம் எழுதுங்கள். ஊரார் தோள் கொடுக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பலகாரம் போடுபவர் செயற்குழு உறுப்பினரின் தம்பி. நல்ல மனிதர், விலையும் குறைவு. இருந்தாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு, அந்த மூன்று தாளையும் கோப்பில் வைத்து, அந்த உறுப்பினரை முடிவெடுக்கும் நேரத்தில் வெளியே உட்கார வைத்தோம். அவருக்கு முதலில் வருத்தம்தான். பொதுப்பணம் என்றால் நம் வீட்டு ஆளிடம்தான் கறாராக இருக்க வேண்டும் என்று பிறகு அவரே மற்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார்.

சங்கத்தின் பங்கான அந்த 586 வெள்ளியைத் திரட்ட, வீடு வீடாக உண்டியல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். வீட்டுக்கு வீடும் தெருவிலும் வசூலிக்க அனுமதி வாங்க வேண்டும். உறுப்பினர் சந்தா, கையிருப்பு, தெரிந்தவர் நன்கொடை போதும்.

இன்னும் இரண்டு விஷயம். பெரும்பாலான மானியங்கள் அனுமதிக் கடிதத் தேதிக்கு முன் செய்த செலவை ஏற்பதில்லை. ஆகவே அச்சகத்தில் விலை மட்டும் வாங்குங்கள், முன்பணம் கட்டாதீர்கள். அடுத்தது, பணம் மொத்தமாக வராது. பல இடங்களில் கடைசித் தவணை அறிக்கை கொடுத்த பிறகுதான் வரும். எட்டு வாரமும் பலகாரத்துக்கும் டாக்சிக்கும் கையில் காசு வேண்டும் அல்லவா? ஒரு தடவை அந்த இடைவெளியை நான் என் சேமிப்பிலிருந்து நிரப்பினேன். அதைச் செய்யாதீர்கள். எந்த மாதம் எவ்வளவு வெளியே போகும், எவ்வளவு உள்ளே வரும் என்று மாதவாரியாக ஒரு தாள் போட்டுப் பார்த்துவிட்டு, முதல் தவணை எவ்வளவு என்று கடிதத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

எதை அளப்பது

20 பேர் வந்தார்கள் என்பது வருகைக் கணக்கு. கொடுப்பவர் கேட்பது, வந்ததால் என்ன மாறியது என்று. நாங்கள் ஒரே ஒரு அளவு வைத்துக்கொண்டோம்: எட்டாவது வாரம், யாரும் தொடாமல், தன் கையால் அப்பாயின்மென்ட் எடுக்கவோ மாற்றவோ முடிகிறதா? முதல் வாரமும் இதையே கேட்டுக் குறித்தோம். முதலில் 20 பேரில் 2 பேரால் முடிந்தது. கடைசியில் 13 பேர். 17 பேர் முடிவுவரை வந்தார்கள். நின்றுபோன மூவரில் ஒருவர் மருத்துவமனையில், இருவர் பேரப்பிள்ளை பார்க்க வேண்டியதாகிவிட்டது. அதையும் எழுதினோம். 20க்கு 20 என்று எழுதியிருந்தால் யார் நம்புவார்கள்?

விண்ணப்பத்தில் 12 பேர் என்று உறுதி சொல்லியிருந்தோம். சொல்லும் எண்ணைச் செய்து முடிக்கக்கூடியதாக வையுங்கள்.

பணம் வந்த அன்றே

ஒரு கெட்டிக் கோப்பு வாங்குங்கள். ரசீதை வாங்கிய அன்றே படம் பிடித்து, வரவு செலவுத் தாளில் எந்த வரிக்கு என்று மேலே பென்சிலால் எழுதுங்கள். கடை ரசீதின் மை மூன்று மாதத்தில் மங்கிவிடும். டாக்சிக்குக் கைப்பேசிச் செயலி வழியாகவே கட்டணம் கட்டினால் ரசீது மின்னஞ்சலில் வந்து நிற்கும். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து இருக்கட்டும்.

வருகைத் தாளில் அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். 2019 செப்டம்பர் முதல், சட்டம் தேவைப்படுத்தினால் ஒழிய, பொதுவாக அதை வாங்கக்கூடாது. நம் மூத்தோர் கேட்காமலே அட்டையை நீட்டுவார்கள். “வேண்டாம்மா, பேரும் புளோக் நம்பரும் போதும்” என்று சொல்லிப் பழக்குங்கள். எங்கள் வகுப்பில் அதுவே ஒரு பாடமானது: கேட்டவுடன் அட்டையைக் கொடுக்காதே, சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799க்குக் கூப்பிடு.

புகைப்படம் எடுக்கும் முன் சம்மதம் வாங்குங்கள், தமிழில் ஒரு சின்னத் தாளில். ஒரு பாட்டி வேண்டாம் என்றார். அவர் கைகளை மட்டும், பேனாவால் திரையைத் தொடும் நேரத்தில் எடுத்தோம். அறிக்கையின் முகப்பில் அந்தப் படம்தான் போனது.

ஏதாவது மாறினால் உடனே எழுதிக் கேளுங்கள். ஆறாவது வாரம் பார்த்தபோது டாக்சி வரியில் 212 வெள்ளி மிஞ்சும் என்று தெரிந்தது. மழையில்லாத நாட்களில் இரண்டு பேரைத் தொண்டூழியர்கள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டே வந்துவிட்டார்கள். அந்தப் பணத்தில் கையேட்டை மறுபடி அச்சடிக்கலாமா என்று மின்னஞ்சல் அனுப்பினேன். நான்கு நாளில் சரி என்று எழுத்தில் பதில் வந்தது. ‘பாஸ்வேர்ட்’, ‘அப்பாயின்மென்ட்’ என்று திருத்திய பதிப்பில் 35 பிரதி, 210 வெள்ளி. மீதி 2 வெள்ளியை அறிக்கையோடு திருப்பி அனுப்பி, அதற்கான ரசீதையும் கோப்பில் குத்தி வைத்தேன்.